ஐந்து பவுண்டுக்குக் குறையாமல்

தண்ணீர் ஏற்றினால் எங்கள் பிக்கப்
பின்னால் குந்திவிடும்.
சின்லியிலிருந்து வீடு வரை முப்பத்தோரு மைல்
முகப்பு விளக்குகள் சாலையைக் கைவிட்டு
நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டு வரும்.
எதிரே வருகிறவர்கள்
பளிச் பளிச்சென்று அடித்துத் திட்டுவார்கள்.
டெல்வின் பதிலுக்கு அடிப்பான்:
அது தாழ்ந்த வெளிச்சம், இதுதான் உயர்ந்தது,
இப்போது தெரிகிறதா?
இரண்டு வருடம் இப்படி.

சனிக்கிழமை, காற்று எழும்புவதற்கு முன்.
சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு,
ஸ்டாண்டுக்கு அடியில் பலகை,
பலகைக்கு அடியில் மணல்.
மணலுக்கு அடியில் தோண்டிப் பார்த்தவர்கள்
தண்ணீர் என்று சொல்லவில்லை.

டெல்வினுக்குத் தோள்பட்டை சரியில்லை.
அதனால் நான் கீழே,
அவன் காகிதத்தோடு வெளியே.
"படம் நான்கு, லியனோரா."
படம் நான்கில் எல்லாம் துடைத்து வைத்திருக்கிறது.
என் மூக்குக்கு மேலே பதினான்கு வருடச் சேறு.
ரப்பர் முட்டைக் கழற்ற ஒரு மணி நேரம்,
ஒரே ஒரு போல்ட்.
அதைப் பார்த்து நான் சொன்ன வார்த்தைகள்
அந்தக் காகிதத்தில் இல்லை.

பை போய் உட்கார்ந்தது
சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே,
நிறைந்த பஸ்ஸில் கொஞ்சம் தள்ளுங்கள் என்று
இருவருக்கு இடையே நுழைந்த தடித்த ஆள் போல.
முறுக்கி முடித்த பிறகுதான் பார்த்தேன்,
வலது பக்கத்துத் தாங்கியை
இடது பக்கம் மாட்டியிருக்கிறேன்.
டெல்வின் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

காற்றுக்குழாயை நேராக வெட்டவும் என்று
காகிதம் இரண்டு முறை சொல்கிறது,
டெல்வின் மூன்றாவது முறை.
சைலன்சர் சூட்டுக்கு எட்டாமல் வளைத்து
நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு வால்வு,
சட்டைப் பொத்தான்கள் மாதிரி.

பிறகு: சோப்புத் தண்ணீர் தாராளமாக ஊற்றிச்
சோதித்துப் பார்க்கவும்.
தாராளமாக.
இதை எழுதியவர் வீட்டில் குழாய் இருக்கிறது.
காலையில் தட்டு கழுவிய தண்ணீரைக்
கொட்டாமல் வைத்திருந்தேன்,
உருளைக்கிழங்கு எண்ணெயும் காப்பியும் மணக்க.
வலது பக்கம் அமைதி.
இடது பக்கம் ஒரு குமிழி,
அதன் பின்னால் அதன் தம்பி.
சாய்த்துத்தான் வெட்டியிருக்கிறேன்.
மறுபடி வெட்டினேன். மறுபடி ஊற்றினேன்.
கடைசிக் கையளவை வாசலில் காத்திருந்த
நாய்கூட முகர்ந்துவிட்டுப் போனது.

கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி.
டெல்வின் அதை வாசித்துவிட்டு
மறுபடி வாசித்தான்:
இந்தப் பைகள் வண்டி தாங்கும் எடையைக் கூட்டாது.
நிமிர்த்தும், அவ்வளவுதான்.
அப்படியென்றால் இனி இருநூறு காலன் போதும் என்றான்.
தொட்டி இருநூற்று எழுபத்தைந்து பிடிக்கும் என்றேன்.
தொட்டி பிடிக்கும், ஆக்சில் பிடிக்காது.
எழுபத்தைந்து காலன் நாற்பது ஆட்டுக்கு
எத்தனை நாள் என்று உனக்குத் தெரியுமா?
தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.
சாப்டர் ஹவுஸ் குழாயடியில்
தண்ணீர் ஏறும் சத்தத்தைக் கேட்டபடி
இருவரும் பேசாமல் நின்றோம்.
இருநூற்றுப் பத்தில் நான்தான் மூடினேன்.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
வெளிச்சம் சாலையில் விழுந்தது.
இத்தனை குழியா இதில்!
ஒற்றைக் கையுறை, செத்த முயல்,
வேலியோரம் யாரோ ஒருவருடைய மாட்டின் கண்கள்.
எதிரே ஒரு லாரி வந்தது, கடந்தது.
அடிக்கவில்லை.
டெல்வினின் விரல் மட்டும்
விளக்குக் கம்பியின் மேல் தயாராக இருந்தது,
வீடு வரும்வரை.

காலையில் கேஜை வைத்துப் பார்த்தேன்.
வலது முப்பத்தைந்து, இடது முப்பத்திரண்டு.
காலியாக ஓடும்போதும்
ஐந்து பவுண்டுக்குக் குறையவே கூடாதாம்.
கதவின் உட்பக்கத்தில் தேதி போட்டு
இரண்டு எண்ணையும் பென்சிலில் எழுதினேன்.
தட்டு கழுவிய தண்ணீரை இன்றைக்கும் கொட்டவில்லை.